ஆண்டறிக்கை: தறிக்குழியில் ஊறும் தண்ணீர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நெசவாளப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு வழக்கம்போல் மாதந்தோறும் கூடியது. தேசிய கைத்தறி தினமான ஆகஸ்ட் 7 அன்று மூத்த நெசவாளர்களுக்குப் பொன்னாடை அணிவித்தோம். கண் பரிசோதனை முகாமும் நடந்தது. இனி, ஆண்டு முழுக்க நாம் அலைந்த வேலைக்கு, அதாவது மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும் பிரச்சினைக்கு வருகிறேன்.

ஐப்பசி பிறந்தால் நம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தம் அடங்கத் தொடங்கிவிடும். 2015 மழையை யாரும் மறக்கவில்லை. ஆனால் வேகவதி ஆறு கரைபுரளாத ஆண்டிலும் நம் தறி நிற்கிறதே, அதைத்தான் வெள்ளச் சேதம் கணக்கெடுக்க வருபவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. நிலத்தடி நீர் ஏறும்போது வீட்டிலேயே தாழ்ந்த இடம், நெய்பவர் காலை இறக்கி மிதிகட்டையை மிதிக்கும் இரண்டு, இரண்டரை அடி ஆழமுள்ள தறிக்குழிதான். முதலில் மூலையில் ஈரம் கசியும். பிறகு மிதிகட்டை நனையும். இறைத்துக் கொட்டிவிட்டு உட்கார்ந்தால் மறுபடி கால் நனையும். சேலையில் பூவேலை எடுக்க உதவும் துளையிட்ட ஜக்கார்டு அட்டைகள் ஈரத்தில் உப்பிப்போகும். மூன்று சேலைக்கான பாவு, அதாவது நீளவாக்கு இழைகள், தறியில் ஏறியிருக்கும். பாதியில் கழற்றவும் வழியில்லை. வாசல் வழியாகத் தண்ணீர் வராததால் நிவாரணப் பட்டியலில் பெயரும் இருக்காது. தரைமட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, குழியின் அடிமட்டத்தையும் அளந்து பாருங்கள் என்று மனு கொடுத்திருக்கிறோம்.

கேரளத்தின் சேந்தமங்கலத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த துணியெல்லாம் சேறானது. அந்தத் துணியில் சேக்குட்டி பொம்மை செய்து விற்று நெசவாளர்களைக் கைதூக்கி விட்டவர்களை வணங்குகிறோம். அப்படியொரு நிலை நமக்கு வருமுன் வீட்டையும் குழியையும் கட்டும் முறையை மாற்றியாக வேண்டும்.

இதற்காகக் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் பேசினோம். குழிக்கு வெறும் சிமெண்ட் பூசுவது வீண்செலவு என்றார். கீழிருந்து நீர் தள்ளும் வேகத்தில் பூச்சு வெடித்துவிடும். அடியும் நாலு பக்கமும் கம்பி கட்டி ஒரே தொட்டியாகக் கான்கிரீட் போட வேண்டும். காலித் தொட்டியை நீர் மேலே தூக்கிவிடாதபடி அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும், சுற்றுத் தரையோடு பிணைக்கவும் வேண்டும். புது வீடு கட்டுபவர்கள் குழியின் அடிமட்டமே தெருவைவிட மேலே நிற்கும்படி அடித்தளத்தை உயர்த்திக் கட்டுவது நல்லது. அப்போது தறிக்கு மேலே நிற்கும் ஜக்கார்டு பெட்டிக்கு இடம் வேண்டுமே, கூரையையும் அந்த அளவுக்கு உயர்த்த வேண்டும்.

மண்குழியின் குளிர்ச்சி போனால் பட்டு இழை அறுந்துகொண்டே இருக்கும் என்று பெரியவர்கள் மறுத்தார்கள். நியாயமான கவலை. தொட்டிக்குள் செங்கல் பதித்து, கோடையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. உறுப்பினர் ஒருவர் வீட்டில் மாதிரிக் குழி போட்டிருக்கிறோம். கடந்த மழையில் அது உலர்ந்தே இருந்தது. ஒரு மழையை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. இன்னும் இரண்டு பருவம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தேசிய கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் தனித் தறிக்கூடத்துக்கு ரூ.1.20 லட்சம் என்று வரையறுத்திருக்கிறார்கள். உயர்த்திய அடித்தளத்துக்கும் கான்கிரீட் குழிக்கும் சேர்த்து இது எப்படிப் போதும்? தாழ்வான பகுதிகளுக்குத் தனித்தொகை கேட்டுத் தீர்மானம் கொண்டுவருகிறோம். சாலை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான்; பழைய சாலைமேலேயே புதிதாகப் போட்டால் தெரு உயர்ந்து நம் வீடு தாழ்ந்துபோகும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். நம் தெருக்களில் சாலை வேலை தொடங்கினால் அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். தார் கொட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

மாதிரிக் குழியைப் பார்க்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்