பயப்படுகிற நாளில்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. கையோடு பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் தாள் முழுக்கக் கோபம், கிழித்துப் போட்டுவிட்டேன். உன்மேல் இல்லை. "விசுவாசம் இருக்கிறவளுக்குப் பயம் எதற்கு?" என்று உன் கட்டிலருகே நின்று கேட்டுவிட்டுப் போனாரே ஒரு பெரியவர், அவர்மேல். நெஞ்செலும்பைப் பிளந்து இதய வால்வை மாற்றப் போகிறார்கள் உனக்கு. அதை நினைத்து உள்ளங்கை வியர்த்தால் அது அவிசுவாசமாம்!

என் சேதியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கண்புரை எடுத்தபின் வலது கண் பளிச்சென்று தெரிகிறது. வீட்டுச் சுவரில் இத்தனை அழுக்கு இருந்தது இப்போதுதான் தெரியவந்தது. பெரியவனின் மகன் வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை படிக்கப்போவதாகச் சபதம் செய்து, மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறான். பாடகர் குழுவில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறது. குரல்தான் இல்லை.

இனி, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. இரண்டு வருடங்களுக்கு முன் எனக்குத் தலையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். முகத்துக்குமேல் ஒரு கூண்டைப் பூட்டி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "முடியவில்லை என்றால் அழுத்துங்கள்" என்று சொல்லி உள்ளே தள்ளினார்கள். வேதாகமத்தின் இருபத்து மூன்றாம் சங்கீதம்தான் எனக்குத் தலைகீழ்ப் பாடமாயிற்றே, அதைச் சொல்லிக்கொண்டே படுத்திருப்போம் என்று நினைத்திருந்தேன். சம்மட்டியால் தகரத்தை அடிப்பதுபோல் இயந்திரம் தொடங்கியது. "மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" வரை வந்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. ஐம்பது வருடங்களாகச் சொன்ன வசனம், துடைத்து வைத்ததுபோல் போய்விட்டது. பந்தை அழுத்திவிட்டேன்.

வெளியே இழுத்தார்கள். வெட்கத்தால் கண்ணைத் திறக்கவே இல்லை. அங்கிருந்த செவிலியர் எதுவும் கேட்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. "இந்த முறை நான் உள்ளேயே நிற்கிறேன்" என்று மட்டும் சொல்லி, என் இடது காலின் பெருவிரலைப் பிடித்துக்கொண்டார். அதே கூண்டு, அதே சத்தம், நெஞ்சில் அதே படபடப்பு. இருபது நிமிடங்கள் கிடந்தேன். பயம் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. ஆனால் பந்தை அழுத்தவில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்தச் சங்கீதத்தை எடுத்துப் பார்த்தேன். அதைப் பாடிய தாவீது, புல்லுள்ள இடங்களிலும் அமர்ந்த தண்ணீர்கள் அண்டையிலும் கர்த்தரை 'அவர்' என்கிறான். அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார். பள்ளத்தாக்கில் கால் வைத்ததும் அந்த 'அவர்' காணாமல் போய்விடுகிறார். "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." வெளிச்சத்தில் அவரைப் பற்றிப் பேசியவன் இருட்டில் அவரிடமே பேசுகிறான். எத்தனை அடக்க ஆராதனைகளில் இதைக் கேட்டிருக்கிறோம்! கவனித்திருக்கிறோமா? பயத்தில் நடப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பயம் எங்கும் போய்விடுவதில்லை. அதை யாரிடம் சொல்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

தாவீது என்றதும் ராட்சதன் கோலியாத்தை வீழ்த்திய கல்லும் கவணும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஐம்பத்தாறாம் சங்கீதத்தின் தலைப்பைப் பார். காத் ஊரில் எதிரிகளான பெலிஸ்தர் அவனைப் பிடித்தபோது பாடியது என்றிருக்கும். காத் யாருடைய ஊர்? கோலியாத்தின் ஊர். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடுகிறவன், வழியில் ஆசாரியனிடம் கோலியாத்தின் பட்டயத்தையே வாங்கிக்கொண்டு நேரே அந்த ஊருக்குள் போய் நிற்கிறான்! அடையாளம் கண்டுகொண்டார்கள். ராஜாவாகிய ஆகீசுக்கு மிகவும் பயந்து, பைத்தியக்காரனைப்போல் நடித்தான், கதவுகளைக் கீறினான், தாடியில் எச்சில் வழிய நின்றான். சாமுவேலின் முதல் புத்தகம், இருபத்தோராம் அதிகாரம். ஞாயிறு பள்ளியில் இந்தப் பாகத்துக்கு யாரும் படம் வரைந்து காட்டவில்லை. ராட்சதனை வீழ்த்திய அதே கை கதவைக் கீறுகிறது. அந்த நாளின் சங்கீதத்தில்தான் "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று வருகிறது. பயப்படாத நாளில் என்று அவன் எழுதவில்லை.

'பயப்படாதே' என்று வேதத்தில் வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 365 முறை வருகிறது என்று அந்தப் பெரியவர் சொன்னதாக எழுதியிருந்தாய். கேட்க அழகாகத்தான் இருக்கிறது; எண்ணிப் பார்த்தால் அத்தனை தேறாது. போகட்டும். அது யார் யாரிடம் சொல்லப்படுகிறது என்று பார்: வனாந்தரத்தில் பிள்ளை சாவதைப் பார்க்க முடியாமல் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுத ஆகாரிடம், இயேசு பிறந்த இராத்திரியில் மிகவும் பயந்துபோன மேய்ப்பரிடம், புயலில் பல நாள் சூரியனையும் நட்சத்திரத்தையும் காணாத கப்பலில் இருந்த பவுலிடம். பயப்படாதவனிடம் போய் யாராவது 'பயப்படாதே' என்பார்களா? அது தட்டிக்கொடுக்கும் வார்த்தை. அதைத் தடியாக்கி உன் தலையில் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

டாக்டரிடம் ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொன்னதற்காகவும் கூசுகிறாய். 1521 ஏப்ரல் 17 அன்று வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் நிறுத்தப்பட்ட சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், எழுதியதை மறுதலிக்கிறாயா என்று கேட்டபோது, யோசிக்க அவகாசம்தான் கேட்டார்; ஒரு நாள் கொடுத்தார்கள். மறுதலிக்க மாட்டேன் என்றது மறுநாள். லூத்தருக்கு ஒரு நாள் என்றால் உனக்கு ஒரு வாரம் ஒன்றும் அதிகமில்லை.

எல்லாம் நல்லபடியாக முடியும், கர்த்தர் எனக்குக் காட்டினார் என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். எனக்கு எதுவும் காட்டவில்லை. தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன் நின்ற மூவரும் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சேர்த்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்களை நான் நம்புகிறேன்.

இதயத்தை நிறுத்திவைத்து இயந்திரம் இரத்தத்தை ஓட்டும் அந்த நேரத்தில் "நான் எங்கே இருப்பேன்?" என்று கேட்டிருந்தாய். தெரியாது, தோழி. இரண்டு நாட்களாக அதை நினைத்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். நீ எங்கே இருந்தாலும், உன்னைக் காக்கிறவர் உறங்குகிறவர் இல்லை என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது.

சிலுவைக்கு முந்தின இரவில் இயேசுவே கெத்செமனே தோட்டத்தில் திகிலடையத் தொடங்கினார் என்று மாற்கு ஒளிக்காமல் எழுதிவிட்டார். பிதாவிடம் ஜெபிக்கப் போகுமுன் சிநேகிதரிடம் அவர் கேட்டது சிறிய உதவிதான்: "நீங்கள் இங்கே தங்கி, விழித்திருங்கள்." தனியாகத் தாங்கிக்கொள்வதுதான் விசுவாசம் என்று அவர் நினைக்கவில்லை. நீ மட்டும் "யாரும் வரவேண்டாம், பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய்!

டிக்கெட் எடுத்துவிட்டேன். முந்தின நாள் மாலை வந்துவிடுவேன். உள்ளே கொண்டுபோகும் கதவுவரை உன் பெருவிரல் என் கையில் இருக்கும்; அதற்குமேல் விடமாட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஐந்து மணி நேரமாகும் என்கிறாய். எனக்கு வயது அறுபத்தாறு, அன்று விழித்திருக்கச் சொல்லியும் தூங்கிப்போன பேதுருவைவிட நான் ஒன்றும் உசத்தியில்லை. நடுவில் கண்ணயர்ந்துவிட்டால் கண் விழித்ததும் திட்டாதே.

உன் அன்புத் தோழி