தைல மரம் விறகுக்குத்தானா? வெட்டிய இடத்தில் எதை நடப் போகிறோம்?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

நான் கோவையில் மரத்தொழில் செய்பவன். சாலை அகலப்படுத்துவது, மின்கம்பியில் கிளை உரசுவது, காற்றில் விழுந்துவிடும் என்ற பயம் என ஏதாவது ஒரு காரணத்தால் ஊருக்குள் நிற்கும் பெரிய தைல மரங்கள், அதாவது யூகலிப்டஸ் மரங்கள், வெட்டப்படுகின்றன. வெட்டலாமா கூடாதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. வெட்டிய மரம் எங்கே போகிறது, அந்த இடத்துக்கு அடுத்து எது வருகிறது என்பதைத்தான் கேட்க விரும்புகிறேன்.

பெரும்பாலும் அது விறகுக்கோ காகிதக் கூழுக்கோ போய்விடுகிறது. அவ்வளவு பருத்த அடிமரத்தை ஏன் அறுக்கவில்லை என்று கேட்டால், தைல மரம் வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும், பலகைக்கு ஆகாது என்கிறார்கள். தேக்கைப் போட்டு வைப்பதுபோல வெளியில் போட்டு வைத்தால் வெடிக்கத்தான் செய்யும். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியன் ஓக் என்ற பெயரில் விற்பதே யூகலிப்டஸ்தான். அங்கே அதில் வீட்டுக்குத் தரை போடுகிறார்கள், மேசை நாற்காலி செய்கிறார்கள்.

இந்த மரம் நிற்கும்போதே வெளிப்பக்கம் இழுபட்டும் நடுப்பகுதி அழுத்தப்பட்டும் நிற்கிறது. அதனால் வெட்டியவுடன் முனைகளில் வாய் பிளக்கும். முனை வழியாக ஈரம் மற்ற பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறும் என்பதால், வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் மெழுகோ தாரோ மிச்சமிருக்கும் பெயின்ட்டோ கெட்டியாகப் பூசிவிட வேண்டும், ஒரு வாரம் கழித்துப் பூசிப் பயனில்லை. அறுக்கும்போது ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போகாமல் கட்டையைத் திருப்பித் திருப்பி அறுத்து, நடு மையத்தை ஒதுக்கிவிட்டால் பலகை வளைவது நன்றாகக் குறையும்.

அப்புறம் அடுக்குவது. கூரைக்குக் கீழே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஓர் அங்குல ரீப்பர் (மரச்சட்டம்) வைத்து, ரீப்பருக்கு நேர் மேலே ரீப்பர் வரும்படி அடுக்கி, உச்சியில் கனமாகக் கல் ஏற்ற வேண்டும். நம் ஊரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் அது பச்சைப் பலகையில் நேராக அடித்தால் மேற்பரப்பு காய்ந்து சுருங்கிவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், பலகை முழுக்கக் கீறல் விழும். பக்கவாட்டில் சாக்குப் படுதா கட்டிக் காற்றைக் குறைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் அறுத்து அடுக்கினால் இன்னும் நல்லது.

அவசரப்பட்டு நேராகச் சீசனிங் சேம்பரில், அதாவது சூடேற்றி மரத்தை உலர்த்தும் அறையில், ஏற்றுவதுதான் பெரிய கேடு. பொதுவாக மரம் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே சுருங்கத் தொடங்கும். யூகலிப்டஸில் அதற்கு முன்பே, நுண்ணறைகளில் நிரம்பிய நீர் வெளியேறும் இழுப்பில் அறைச் சுவர்களே நசுங்கிவிடும், பலகை மேடும் பள்ளமுமாகிவிடும். சூடு கூடினால் இதுவும் கூடும். ஆகவே 25-30 சதவீதம் வரும்வரை மாதக்கணக்கில் நிழலில் காற்றாட விட்டு, பிறகுதான் சேம்பரில் 12 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நசுங்கிய பலகைக்கும் வழி உண்டு. 15-20 சதவீத ஈரத்தில் இருக்கும்போது சில மணி நேரம் நீராவி காட்டினால் பெருமளவு பழைய வடிவுக்குத் திரும்பும். ஆஸ்திரேலிய ஆலைகளில் இது பல காலமாக நடக்கிற வேலை.

சரி, வெட்டிய இடத்தில் என்ன நடுகிறோம்? வேகமாகப் பச்சை கட்டுகிறது என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வரிசையாக வைத்தார்கள், குஜராத் அரசு 2023இல் அதற்குத் தடையே போட்டது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, வெளியிலிருந்து வந்த குல்மோகரும் பெருங்கொன்றையும் தெருத்தெருவாகக் கிடந்தன. உடனே நாட்டு மரம் நட்டால் போதும் என்றார்கள். எனக்கு அது போதாது என்றே தோன்றுகிறது. வேம்பைவிட நாட்டு மரம் எது? 2021இல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேம்புதான் நுனியிலிருந்து கருகிக் காய்ந்தது. தெரு முழுக்க வேம்பு மட்டும் இருந்தால் தெருவே மொட்டையாகிவிடும்.

ஓர் ஊரின் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கும், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) 20க்கும், ஒரே குடும்பம் 30க்கும் மேல் போகக் கூடாது என்று அமெரிக்க மர ஆய்வாளர் ஃபிராங்க் சாண்டமோர் 1990இல் ஒரு கணக்கு சொன்னார். அதை வைத்து நம் சாலைகளைப் பாருங்கள். புங்கன், வாகை, தூங்குமூஞ்சி, சரக்கொன்றை, பெருங்கொன்றை, குல்மோகர், புளி எல்லாம் பார்க்க வேறு வேறு, ஆனால் அத்தனையும் அவரைக் குடும்பம். வேம்பும் மலைவேம்பும் மகோகனியும் இன்னொரு குடும்பம். இலுப்பை, மகிழம், நீர்மருது, நாவல், பூவரசு, புன்னை ஆகியவற்றுக்கு நர்சரிப் பட்டியலில் இடம் கொடுத்தால்தான் கணக்கு சரியாகும்.

மாநகராட்சியிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஏலம் விடும்போது அறுக்கத் தகுந்த பருமனுள்ள அடிமரங்களை விறகோடு சேர்க்காமல், முனை பூசித் தனியாக ஏலம் விடுங்கள். அறுத்து உலர்த்திப் பள்ளிகளுக்கு பெஞ்சு செய்ய ஒரு சிறு கூடம் வைத்தால் இன்னும் சிறப்பு, வழிகாட்ட மேட்டுப்பாளையத்தில் வனவியல் கல்லூரியும், பெங்களூரில் மர அறிவியல் நிறுவனமும் இருக்கின்றன. ஒவ்வொரு சாலையிலும் எந்த இனம் எத்தனை நடப்போகிறீர்கள் என்ற பட்டியலை நடுவதற்கு முன்பே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மரத்தொழில் செய்யும் வாசகன்,
கோயம்புத்தூர்.