நாலாம் பக்கத்தில் இருக்கும் கேள்வி

திருச்சி
ஆகஸ்ட் 17

அன்புள்ள செல்வி,

இந்தியாவுக்குத் திரும்பி வர ஒரு ஃபெலோஷிப்புக்காக நீ எழுதி அனுப்பிய, விண்மீன்களில் லித்தியம் பற்றிய ஆராய்ச்சித் திட்ட வரைவை முழுக்கப் படித்துவிட்டேன். சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முன் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு முட்டி வலி தேவலை, மாடிப்படி ஏறிப் போய்த் துணி காயப்போடுகிறார். பாப்பா எல்.கே.ஜி. போகிறாள். முதல் வாரம் ஒரே அழுகை, இப்போது ஞாயிற்றுக்கிழமையும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். என் முதல் மாணவன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டான். அவன் கையெழுத்து வாங்க வந்த அன்று எனக்குப் பேச்சே வரவில்லை.

இப்போது உன் விஷயம். "இந்த வயதில் மறுபடி ஒரு தற்காலிக வேலைக்கா விண்ணப்பிக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே மட்டும் என்ன நிரந்தரம்? ஜெர்மனியில் பிஎச்.டி.க்குப் பிறகு ஆறு ஆண்டு, குழந்தைக்கென்று இன்னொரு இரண்டு ஆண்டு, அதற்குமேல் அந்த வகை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று நீதானே எழுதினாய். இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான இன்ஸ்பயர் ஃபெலோஷிப்புக்கு நமக்கு வயது தாண்டிவிட்டது. ராமானுஜன் ஃபெலோஷிப்புக்கு 40 வரை இடம் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்திய விஞ்ஞானிகளைத் திரும்ப அழைக்கவே வைத்த திட்டம் அது. எனக்குக் கிடைத்த காலத்தில் ஐந்து ஆண்டு, மாதம் 1,35,000 ரூபாய், ஆராய்ச்சிச் செலவுக்கு ஆண்டுக்கு 7 லட்சம். இப்போது ஏ.என்.ஆர்.எஃப். என்ற மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பின் பொறுப்புக்கு வந்துவிட்டதால் இந்த முறை அறிவிப்பை வரிவரியாகப் படி. 7 லட்சம் எங்கள் துறைக்குப் போதாது, திரவ ஹீலியத்துக்கே கரைந்துவிடும். உனக்கோ கருவி வாங்க வேண்டியதில்லை. நல்ல கணினி, பயணம், ஒரு திட்ட உதவியாளர் என்று தாராளமாகவே செய்யலாம்.

கணித மேதை ராமானுஜன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு 1913 நினைவுக்கு வரும். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவருக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. அவரிடமோ எந்தப் பட்டமும் இல்லை. விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம் மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை. இன்று ராமானுஜன் மாஸ்டர் தேற்றம் என்று சொல்கிறோமே, அது அந்த முதல் அறிக்கையிலேயே இருக்கிறது. வேறு யாரோ கொடுத்த வேலையின் முன்னேற்றத்தை அவர் அதில் எழுதவில்லை. தன் மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததை எழுதினார். ஓர் இளம் ஆராய்ச்சியாளருக்குப் பணமும் நேரமும் கொடுப்பது எதற்கு என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். உன் வரைவையும் இந்தக் கண்ணோடுதான் படித்தேன்: இதில் செல்வியின் கேள்வி எங்கே?

இருக்கிறது. நாலாம் பக்கத்தில் இருக்கிறது.

முதல் பக்கம் முழுக்க விண்மீன்களில் லித்தியம் பற்றிய ஆராய்ச்சி வரலாறு. இரண்டாம் பக்கம் பெருவெடிப்பில் எவ்வளவு உண்டானது, சூரியனில் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு. மூன்றாம் பக்கம் உங்கள் குழு இதுவரை செய்தது. நாலாம் பக்கத்தில், பிழை மதிப்பீட்டைப் பற்றிய பத்தியின் கடைசி வரியில் இப்படி எழுதியிருக்கிறாய்: "இந்தத் துல்லியம் கிடைத்தால், மையத்தில் ஹீலியம் எரியத் தொடங்கிய பிறகு இந்த லித்தியம் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது என்பதை அளந்துவிடலாம்." அந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இதுதானடி விஷயம்! இதை ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தாய்?

நான் வானியலை விட்டுக் காந்தப் பொருள்கள் பக்கம் போய் இத்தனை வருடம் ஆகிறது. தேர்வுக் குழுவில் உட்காருகிறவர்களில் பலர் என்னைப் போன்றவர்களாகத்தான் இருப்பார்கள். ஒருவர் லேசர், ஒருவர் குறைகடத்தி, ஒருவர் கோட்பாடு. கையில் ஒரு கட்டு விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருப்பவர் நாலாம் பக்கம் வரும்வரை உன் கேள்விக்காகக் காத்திருக்க மாட்டார். அவருக்குத் தேவைப்படும் பின்னணி கொஞ்சம்தான். லித்தியம் 25 லட்சம் டிகிரியிலேயே அழிந்துவிடும். விண்மீன் வயதாகி ராட்சத அளவுக்கு வீங்கும்போது மேற்பரப்பு உள்ளே ஆழத்தோடு கலப்பதால், மிச்சம் இருக்கும் லித்தியமும் நீர்த்துப்போக வேண்டும். ஆனாலும் நூற்றில் ஒன்று என்ற அளவில் சில சிவப்பு ராட்சத விண்மீன்களில் அது மண்டிக் கிடக்கிறது. 1982-ல் முதலாவதைக் கண்டார்கள், இன்னும் முழு விளக்கம் இல்லை. கெப்ளர் விண்கலம் அளந்த விண்மீன் அதிர்வுகளை வைத்துப் பார்த்தால், லித்தியம் மிக அதிகமாக உள்ளவை பெரும்பாலும் ஹீலியம் எரிக்கத் தொடங்கிவிட்ட விண்மீன்கள். எந்தக் கட்டத்தில் உண்டாகிறது என்ற கேள்விக்கு விடை நெருங்கிவிட்டது. எவ்வளவு காலம் நிற்கிறது, ஏன் மறைகிறது என்பது உன் கேள்வி. இவ்வளவையும் அரைப் பக்கத்தில் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. முதல் பக்கத்திலேயே ஒரு படம் போடு. எம்.எஸ்சி. படிக்கும்போது காவலூர் போயிருந்தோமே, வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி அறையில் இரண்டு விண்மீன்களின் நிறமாலையை, அதாவது ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த பதிவை, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? இரண்டும் ஒரே வெப்பநிலை. இரும்புக் கோடுகள் அச்சு மாறாமல் பொருந்தின. 6718 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் கால்சியம் கோடும் பொருந்தியது. லித்தியம் கோடு விழும் 6708-ல் மட்டும் ஒன்றில் ஒன்றுமே இல்லை, மற்றதில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். விளக்கமே தேவைப்படவில்லை, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் என் மாமியாரிடம் காட்டினால்கூட "இது மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்பார். உன் வரைவில் இப்போது இருக்கும் முதல் படம் பதினைந்து குறியீடுகள் கொண்ட ஒரு சிதறல் வரைபடம். அதை உள்ளே தள்ளு.

அடுத்து விண்மீன் பட்டியல். இங்கே நான் கொஞ்சம் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ எடுத்திருப்பவை எல்லாம் கெப்ளர் பார்த்த சிக்னஸ்–லைரா விண்மீன் கூட்டப் பகுதி, நிறைய 13, 14-ஆம் மேக்னிட்யூட், அதாவது ரொம்ப மங்கல். அங்கே 8 மீட்டர் தொலைநோக்கியை நம்பி யோசித்துப் பழகியிருக்கிறாய். இங்கே லடாக்கின் ஹான்லேயில் இருப்பது 2 மீட்டர். அதன் எஷெல் நிறமாலைமானி (ஒளியை மிக நுணுக்கமாகப் பிரிக்கும் கருவி) 60,000 வரை பிரிதிறன் தரும், உன் கோட்டுக்கு அது ரொம்பவே நல்லது. ஆனால் அவ்வளவு மங்கலான விண்மீனுக்கு ஒளி போதாது. அந்தப் பகுதி உச்சிக்கு வரும் ஜூன் முதல் செப்டம்பர் வரை காவலூரிலோ வானமே தெரியாது, மேகம்தான். இதைக் குழுவில் இருக்கும் ஒரே ஒரு வானியலாளர் கவனித்தால் போதும், திட்டத்தை மடக்கி வைத்துவிடுவார்.

கெப்ளரைப் போலவே அதிர்வுகளை அளக்கும் டெஸ் விண்கலம் தொடர்ந்து பார்க்கும் வடக்குப் பகுதியை எடுத்துப் பாரேன். அங்கே பிரகாசமான ராட்சத விண்மீன்கள் உண்டு, நீண்ட அதிர்வுப் பதிவும் பொதுவில் கிடைக்கிறது. வான நடுக்கோட்டிலிருந்து சுமார் 66 டிகிரி வடக்கே இருப்பதால் ஹான்லேயில் அந்தப் பகுதி அடிவானத்துக்குக் கீழே போவதே இல்லை. ஆண்டின் எந்த மாதம் நேரம் கிடைத்தாலும் ஏதாவது ஒன்றைப் பார்க்கலாம். எண்ணிக்கை குறையும்தான். குறையட்டும். கையில் அகப்படும் முப்பது விண்மீன்களில் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் தேடுகிறேன் என்று சொல்கிறவரைத்தான் நம்புவார்கள். ஹான்லே தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்திலிருக்கும் ஹொசகோட்டையிலிருந்தே இயக்குகிறார்கள், 4,500 மீட்டர் உயரத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பதும் உனக்கு முக்கியம்.

தொலைநோக்கி நேரம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். லட்சக்கணக்கான விண்மீன்களின் நிறமாலையைப் பதிவு செய்த காலா ஆய்வின் பொதுத் தரவுகளை வைத்து முதல் ஆண்டில் என்ன முடியும் என்று ஒரு பத்தி எழுதி வை. இதுவரை உன் வழிகாட்டியோடு செய்ததில் எது உன்னுடையது என்றும் கேட்பார்கள். அதிர்வுக் கணக்கீட்டு நிரலை நீதான் எழுதினாய். வரைவில் எல்லா இடத்திலும் "எங்கள் குழு" என்று போட்டிருக்கிறாய். "நான்" என்று எழுது செல்வி. அது தற்பெருமை இல்லை, தேர்வுக் குழு கேட்கும் தகவல் அது.

மகப்பேறு இடைவெளியைத் தன்விவரத்தில் ஒரு வரியில், தேதியோடு போடு. அந்த ஆண்டில் ஏன் கட்டுரை குறைவு என்று சமாதானம் சொல்லும் அந்த நீண்ட பத்தியை எடுத்துவிடு. அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. யாரிடமும் நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் ஒரே கட்டடத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. ஒன்றாவது உன்னோடு சேர்ந்து கட்டுரை எழுதாத ஒருவரிடமிருந்து வரட்டும். சென்ற ஆண்டு மாநாட்டில் உன் பேச்சுக்குப் பிறகு ஒரு மணி நேரம் வாதாடினார் என்று எழுதியிருந்தாயே, அவரைக் கேள். உன்னோடு முரண்பட்டவர் உன் வேலையை மதித்து எழுதினால் அதன் எடையே வேறு.

கடைசியாக, உன்னை ஏற்கும் நிறுவனம். ஒப்புதல் கடிதம் வாங்குவதோடு விட்டுவிடாதே. பிஎச்.டி. மாணவரைப் பதிவு செய்ய உனக்கு அனுமதி உண்டா, ஐந்து ஆண்டுக்குப் பிறகு அங்கே ஆசிரியர் பணியிடத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்குமா, குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா என்று மூன்றையும் மின்னஞ்சலில் எழுதிக் கேள். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி வந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே வந்தால் முதல் சில மாதம் பணம் தாமதமாகலாம், அரை ஆண்டுச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பு. உன் மாமனார் வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுவதும் நல்லது.

நீ வரவேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆசைக்காக வராதே. முப்பது விண்மீன் போதும் என்று உனக்கே தோன்றினால் வா.

திருத்திய முதல் பக்கத்தை மட்டும் அடுத்த வாரம் அனுப்பு, மற்றதை அப்புறம் பார்க்கலாம். பையனுக்கு என் முத்தம். அம்மா உன்னைக் கேட்டார், மாவடு போட்டு வைத்திருக்கிறாராம், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பச் சொன்னார்.

அன்புடன்,
கயல்