அனுப்பினால் போதுமா? நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 27 அன்று சித்திரை விழா மேடையில் ஆண்டறிக்கை வாசித்தீர்கள். இலவச வரி உதவி மையத்தைப் பற்றிச் சொல்லும்போது, இந்த 2025 பருவத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க வருமான வரிப் படிவங்களை இ-ஃபைல் செய்தோம், அதாவது இணையம் வழியே அனுப்பினோம் என்றீர்கள். அரங்கம் நிறையக் கைதட்டல். அந்த முந்நூறில் ஒரு அக்காவின் படிவமும் இருக்கிறது. பிப்ரவரி 8ஆம் தேதி நம் மையத்திலிருந்து அனுப்பினோம். அன்று இரவே அது ரிஜெக்ட் ஆகித் திரும்பிவிட்டது. அவருக்கு அது தெரியவந்தது மார்ச் 29ஆம் தேதி. நடுவில் 49 நாட்கள்.

இதைச் செயற்குழுக் கூட்டத்தில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மின்னஞ்சலும் அனுப்பினேன். "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலோடு நின்றுவிட்டது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: அனுப்பிய ஒவ்வொரு படிவமும் ஏற்கப்பட்டதா என்று பார்த்து, ஏற்கப்படாதவர்களுக்கு அன்றே போன் செய்ய ஒரு ஆளை நியமியுங்கள்.

அந்த அக்கா யாழ்ப்பாணத்துப் பக்கம். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. பிள்ளைகள் இரண்டு பேர். கணவர் பிரிந்து வேறு மாநிலத்தில் இருக்கிறார். வருடச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 தாள், பிள்ளைகளின் சோஷியல் செக்யூரிட்டி அட்டைகள், வாடகை ஒப்பந்தம் என எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பைக்குள் அடுக்கி எடுத்துவந்திருந்தார். பக்கத்து மேசையில் படிவத்தைப் போட்டார்கள், சரிபார்த்தவன் நான். உழைப்பு வருமானச் சலுகையும் குழந்தை வரிச் சலுகையும் சேர்ந்து 9,000 டாலருக்கு மேல் ரீஃபண்ட் வந்தது. அவர் சம்பளத்துக்கு அது நான்கு மாத வருமானம். இ-ஃபைல் செய்ய ஒப்புதல் தரும் 8879 படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "அனுப்பியாச்சு அக்கா, மார்ச் முதல் வாரத்தில் பணம் வந்துவிடும்" என்று சொன்னதும் நான்தான். அந்த இரண்டு சலுகைகள் உள்ள ரீஃபண்டைப் பிப்ரவரி நடுவுக்கு முன் கொடுக்கக்கூடாது என்று 2015 சட்டம் சொல்வதால், மார்ச் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன்.

அவர் அதை நம்பி வீட்டு உரிமையாளரிடம் மார்ச் வாடகைக்குத் தவணை கேட்டிருக்கிறார். மார்ச் முதல் வாரம் போனது, இரண்டாவது வாரமும் போனது. மூத்த பிள்ளை தினமும் பள்ளி விட்டு வந்ததும் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் ரீஃபண்ட் நிலையைத் தட்டிப் பார்த்திருக்கிறது. ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? ரிஜெக்ட் ஆன படிவம் அவர்களைப் பொறுத்தவரை தாக்கல் ஆகவே இல்லை. நம் மையத்தின் எண்ணுக்கு நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார். அது குரல் பெட்டிக்குத்தான் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை வேலை இல்லாத ஒரு நாள் பார்த்து, இரண்டு பேருந்து மாறி, மார்ச் 29 அன்று நேரில் வந்தார். நாம் கொடுத்த சுருக்கத் தாளைக் கையில் வைத்திருந்தார். ஓரத்தில் விபூதி ஒட்டியிருந்தது. சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம்.

கணினியைத் திறந்தேன். படிவத்தின் பக்கத்திலேயே ரிஜெக்ட் என்று இருந்தது. காரணம் ஆர்0000-507-01. இளைய பிள்ளையின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வேறொருவர் ஏற்கெனவே தன் படிவத்தில் காட்டிவிட்டார் என்று அர்த்தம். யாரென்று அக்காவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: "தம்பி, நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. பிள்ளை அவரோடுதான் வளர்கிறது, பள்ளிக் கடிதம் அவர் முகவரிக்குத்தான் வருகிறது. பிழை நம்முடையது. அனுப்பும் பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

ஊரில் பதிவுத் தபாலோடு ஒரு அத்தாட்சி அட்டையும் சேர்த்து அனுப்புவோம். கையெழுத்தாகி அந்த அட்டை திரும்பி வரும்வரை அப்பா தபால்காரரை விசாரித்துக்கொண்டே இருப்பார். இ-ஃபைலும் அதேதான். அனுப்புவது பாதி, ஏற்றுக்கொண்டோம் என்ற பதிலைப் பார்ப்பது மீதி. பதில் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வந்துவிடுகிறது. ரிஜெக்ட் என்றால் அனுப்பியவர் 24 மணி நேரத்துக்குள் வரி கட்டுபவருக்குத் தெரிவிக்க முயற்சி எடுக்க வேண்டும் என்று ஐ.ஆர்.எஸ்.ஸின் இ-ஃபைல் விதியே சொல்கிறது. அந்த விதிக்கு ஒப்புக்கொண்டுதான் நம் சங்கத்தின் பெயரில் இ-ஃபைல் அடையாள எண் வாங்கியிருக்கிறோம். வேறு யாருக்கும் அந்த ரிஜெக்ட் தெரியப்போவதில்லை. தன்னார்வலர் போட்ட படிவத்துக்கான பதில் மென்பொருளுக்குள்தான் வந்து கிடக்கும். அதைப் பார்க்க வேண்டியது நாம்.

49 நாள் தாமதத்தால் என்ன இழந்தோம் என்பதையும் சொல்கிறேன், இது வெறும் காத்திருப்பு இல்லை என்பதற்காக. முன்பெல்லாம் பிள்ளையை வேறொருவர் முதலில் காட்டிவிட்டால் உண்மையான தாய்க்குக் காகிதம் தவிர வேறு வழி கிடையாது. இந்த 2025 பருவத்தில்தான் ஐ.ஆர்.எஸ். அதை மாற்றியது. படிவம் போடுபவர் தன் அடையாளப் பாதுகாப்பு எண்ணை, நாம் ஐ.பி. பின் என்கிறோமே அதை, சேர்த்து அனுப்பினால் இரண்டாவதாக வரும் படிவத்தையும் மின்னணு முறையிலேயே ஏற்றுக்கொள்கிறார்கள். பயிற்சி வகுப்பில் நாம் எல்லோரும் இதைப் படித்தோம்.

அந்த எண்ணை வாங்குவதற்குத்தான் நாள் வேண்டும். இணையத்தில் வாங்க முகத்தைப் படம் பிடித்து அடையாளம் காட்ட வேண்டும். அக்காவின் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயராக இருக்கிறது, ஓட்டுநர் உரிமத்தில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டலில். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தத் தலைப்பெழுத்துச் சிக்கல் உண்டு. அன்று என் மேசையில் உட்கார்ந்து மூன்று முறை முயன்றோம். மூன்று முறையும் தோல்வி. வரி அலுவலகத்துக்கு நேரில் போகலாம், ஆனால் முன்பதிவு வேண்டும், அதன் பிறகு எண் தபாலில் வர மூன்று வாரம் வரை ஆகும். பிப்ரவரி 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை யாராவது அவருக்கு ஒரு போன் செய்திருந்தால் இதற்கெல்லாம் நேரம் இருந்திருக்கும். மார்ச் கடைசிக்குள் அந்த எண்ணோடு மறுபடி இ-ஃபைல் செய்திருக்கலாம். மார்ச் 29இல் தெரிந்தபோது ஏப்ரல் 15 கெடுவுக்கு 17 நாள்தான் மீதி. காகிதத்தில் அச்செடுத்து, திங்கட்கிழமை சர்ட்டிஃபைட் தபாலில் அனுப்பினோம். மாநில வரிப் படிவமும் இதோடு கட்டப்பட்டிருந்ததால் அதையும் காகிதத்தில் தனியாக அனுப்பினோம். காகிதப் படிவத்துக்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும் என்று ஐ.ஆர்.எஸ். சொல்கிறது. இன்று மே 10, நாற்பது நாள். பணம் இன்னும் வரவில்லை. தன்னோடு வேலை செய்பவரிடம் வட்டிக்கு வாங்கி வாடகையைக் கட்டியிருக்கிறார்.

ஏன் யாரும் பார்க்கவில்லை என்று விசாரித்தேன். ரிஜெக்ட் பட்டியல் ஒருங்கிணைப்பாளரின் கணக்கில்தான் மொத்தமாகத் தெரியும். இந்த வருஷம் ஒருங்கிணைப்பாளர்கள் மூன்று பேர், வாரம் ஒருவராக. முதல் வாரத்துக்காரர் அடுத்தவர் பார்ப்பார் என்று இருந்திருக்கிறார், அடுத்தவர் முந்தையவர் பார்த்திருப்பார் என்று. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூவரும் வேலைக்குப் போய், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, டிசம்பரில் தன்னார்வலர் தகுதித் தேர்வு எழுதி, சம்பளமில்லாமல் சனிக்கிழமைகளைக் கொடுப்பவர்கள். யார் பொறுப்பு என்று எழுதி வைக்காத நம் ஏற்பாட்டின் மேல்தான் கோபம். அதை எழுதி வைக்க வேண்டியது நிர்வாகம்.

பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கிக்கு ஒரு குழு, வாகன நிறுத்தத்துக்கு ஒரு குழு, சிறப்பு விருந்தினரை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர ஒரு குழு. இலை போடும் வரிசைக்குக்கூடப் பொறுப்பாளர் பெயர் போட்டு அட்டவணை வருகிறது. வருஷம் முழுக்க உழைத்த பணத்துக்காக ஒரு பெண் நம் வாசலில் வந்து நிற்கும் இடத்துக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. படிவங்களின் எண்ணிக்கையை மேடையில் சொல்கிறோம். அதில் எத்தனை ஏற்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. நானும் ஆறு வருஷமாக மையத்தில் இருக்கிறேன், நானும் கேட்டதில்லை. நம்மிடம் வருகிறவர்கள் கடையில் 200, 300 டாலர் கொடுத்துப் படிவம் போட முடியாதவர்கள். ஐ.ஆர்.எஸ். தானே நடத்திய இலவச இணையத் தாக்கலும் இந்த 2025இல் 25 மாநிலங்களில்தான் இருந்தது. இலவசம் என்பதற்காக அரைகுறையாகச் செய்தால் போதும் என்று நாம் நினைக்கிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கு முதல் முறையாக வரி எண் கேட்டு விண்ணப்பிப்பவர்களை இந்த வருஷம் வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். டபிள்யூ-7 விண்ணப்பத்தோடு படிவத்தைக் காகிதத்தில்தான் டெக்சஸ் ஆஸ்டினுக்கு அனுப்ப வேண்டும், இ-ஃபைல் ஆகாது, "அதனால் நம் வேலை இல்லை" என்றோம். அது நம் வேலைதான். கணினி வாங்காததை அச்செடுத்து, எங்கே கையெழுத்து, எதை இணைக்க வேண்டும், எந்த முகவரிக்கு என்று சொல்லிக் கொடுப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

சரி, கோபத்தில் நிறையச் சொல்லிவிட்டேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்பது பணச் செலவுள்ள காரியம் இல்லை. ஜனவரியில் மையம் திறக்கும் முன், அனுப்பிய படிவங்களின் பதிலைப் பார்க்க ஒருவரையும் அவர் வராத நாளுக்கு இன்னொருவரையும் பெயர் சொல்லி நியமியுங்கள். திங்கள், புதன், சனி மூன்று நாளும் பட்டியலைத் திறக்கட்டும். சனிக்கிழமை மாலை அனுப்பியதை ஞாயிறு காலையும் பார்க்கட்டும். ரிஜெக்ட் என்றால் தமிழில் பேசக்கூடியவர் அன்றே போன் செய்யட்டும். ஏற்கப்பட்டால் அதையும் ஒரு குறுஞ்செய்தியில் சொல்லிவிடலாம். குரல் பெட்டியை மாலையில் ஒருமுறை கேட்க ஒருவர் வேண்டும்.

அப்புறம், ஏப்ரல் 15 இரவோடு கணினிகளைக் கட்டி வைக்காதீர்கள். கெடு நாளில் அனுப்பியது திரும்பி வந்தால் திருத்தி மறுபடி இ-ஃபைல் செய்ய ஐந்து நாள் உண்டு. காகிதத்தில் அனுப்புவதென்றால் ரிஜெக்ட் என்று தெரிந்ததிலிருந்து பத்து நாள். அந்தப் பத்து நாளும் இரண்டு பேராவது இருக்க வேண்டும். முதல் பெயராக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். 2026 பருவம் முழுவதும் நான் பார்க்கிறேன். ஆனால் அது என் ஆர்வமாக மட்டும் இருக்கக்கூடாது. நான் ஊருக்குப் போயிருக்கும் வாரத்திலும் நடக்கும்படி சங்கத்தின் விதியாக எழுதி வையுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். அக்காவின் எண் நம் பதிவேட்டில் இருக்கிறது. நான் இரண்டு முறை பேசிவிட்டேன். நான் சொன்னால் "பரவாயில்லைத் தம்பி" என்று முடித்துவிடுகிறார். தலைவரோ செயலாளரோ சங்கத்தின் சார்பில் ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, பிழை உங்களுடையது இல்லை, எங்களுடையது என்று சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதுவரை வேலையில் இருப்பார்.

இப்படிக்கு,
சனிக்கிழமைகளில் மூன்றாவது மேசையில் உட்காரும் உங்கள் தன்னார்வலன்