அவசரத்துக்கு என்று வந்த எண்ணெய் மின்சாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களின் காலம் முடிகிறது என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். முடிந்தால் நல்லதுதான். ஆனால் இலங்கையில் எத்தனை தரம் இப்படிச் சொல்லிவிட்டோம் என்பதையும் கட்டுரையாளர் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

உலகக் கணக்கு சரி. 1973இல் உலக மின்சாரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு எண்ணெயில் இருந்து வந்தது, அந்த வருடம் அரபு நாடுகள் எண்ணெயை மறித்து விலை நாலு மடங்காக ஏறியதும் பெரிய நாடுகள் எல்லாம் நிலக்கரி, அணு, எரிவாயு என்று மாறிக்கொண்டன, இன்று அந்தப் பங்கு மூன்று வீதம் அளவில்தான். நாங்கள் போனதோ எதிர்ப்பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கம் வரை இலங்கையின் மின்சாரம் அநேகமாக முழுவதும் தண்ணீரில்தான் ஓடியது. 1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி நாடு இருண்டபோது, அவசரத்துக்கு என்று டீசல், உலை எண்ணெய் இயந்திரங்களை நம்பத் தொடங்கினோம். அந்தப் பழக்கம் பிறகு விடவே இல்லை. 2011இல் நுரைச்சோலை நிலக்கரி நிலையம் வந்த பிறகும் மழை பிந்தினால் போதும், தனியாரிடம் அவசரமாக மின்சாரம் வாங்கும் 'அவசரக் கொள்வனவு' என்ற பேச்சு எழும்பிவிடும்.

யாழ்ப்பாணத்துக்காரனான எனக்கு டீசல் மின்சாரத்தைத் திட்டக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல், ஜாம் போத்தலில் செய்த சிக்கன விளக்கில் படித்த ஆள் நான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி ரேடியோ கேட்டிருக்கிறோம். அப்புறம் குடாநாடு தேசிய மின் கட்டமைப்போடு திரும்ப இணையும்வரை எங்களுக்கு வெளிச்சம் தந்தது எண்ணெய் இயந்திரங்கள்தான்.

ஆனால் அந்த இயந்திரங்கள் ஓடிய சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்ததும் அந்த வெளிச்சத்தோடு வந்ததுதானே. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், ஒருவர் வளவில் ஊற்றுவது இன்னொருவர் கிணற்றுக்குப் போய்ச் சேரும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கும்படி மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனத்துக்கு உத்தரவானது. பெரிய தொகை மாதிரித் தெரியும். கிணறு ஒன்றுக்கு ஆகக்கூடியது 40,000 ரூபாய்! ஒரு யூனிட் என்ன விலை முடிகிறது என்று கணக்குப் போட்டவர்கள் இந்தக் கிணறுகளை எந்தப் பக்கத்தில் எழுதினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காசுக் கணக்குக்கே வந்தாலும், ஒரு லீற்றர் எண்ணெயை எரித்தால் கிடைப்பது சுமார் நாலு யூனிட், அந்த லீற்றரை டொலர் கொடுத்து வாங்கவேண்டும். டொலர் இல்லாமல் போன 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே, மறந்துவிட்டதா?

இப்போது கூரைகளில் சோலார் பனல் நிறைந்துவிட்டது. அதிலும் கூத்துத்தான். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைவு, மிஞ்சும் மின்சாரத்தைக் கட்டமைப்பு தாங்காது, பகலில் பனல்களை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. அதே வருடம் பெப்ரவரியில் பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்ட ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தப் பயம் நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பகலில் வெயிலை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மாலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் லைட்டும் ஃபேனும் ரைஸ் குக்கரும் போடுகிற நேரத்தில் எண்ணெயைத் தேடி ஓடுகிற ஏற்பாடு எத்தனை நாளைக்கு? பகல் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பற்றரிகளை உப மின் நிலையங்களில் முதலில் போடவேண்டும். தென் அவுஸ்திரேலியாவில் 2017இல் 100 மெகாவாட் பற்றரியை நூறு நாளுக்குள் கட்டி முடித்தார்கள். எங்களுக்கு நூறு நாள் வேண்டாம், ஆயிரம் நாள் எடுக்கட்டும், ஆனால் அடுத்த வறட்சிக்கு முன்னால் தொடங்கட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி 'அவசர மின் கொள்வனவு' என்று செய்தி போடும்போது, அந்த ஒப்பந்தம் எந்தத் திகதியில் முடிகிறது என்பதையும் அதே செய்தியில் போடுங்கள். முடிகிற அன்றைக்கு நாங்களும் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வலிகாமத்து வாசகர் ஒருவர்