ஞாயிறு கூட்டத்துக்கு எல்லோரும் வரவும்

அக்கா தங்கச்சிகளுக்கு வணக்கம்.

போன வாரம் நம் தெருவில் நடந்த பஞ்சாயத்தைப் பார்த்தீர்கள். வீட்டில் அடி வாங்கியவள் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றாள். கையில் பீடி முறம், அதில் பாதி வெட்டிய இலை. பேசியதெல்லாம் ஆண்கள்தான். "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்குப் பெயர் சமாதானமாம்.

இனி எந்தப் பஞ்சாயத்து என்றாலும் நம் பெண்கள் குழுவிலிருந்து 2 பேராவது போய் உட்கார வேண்டும். ஓரமாக நிற்பது அல்ல, உட்காருவது. உள்ளாட்சியில் 50 சதவீத இடம் பெண்களுக்குத்தான். வேப்பமரத்தடியில் மட்டும் இடமில்லையா?

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வருவது அடி மட்டும் இல்லை. கேவலமாகப் பேசுவது, சுற்றிய பீடிக்கு வந்த கூலியைப் பிடுங்குவது எல்லாம் வரும். வீடு புருஷன் பெயரில் இருந்தாலும் சட்டப்படி இல்லாமல் அவளை வெளியே தள்ள முடியாது. இதற்கென்றே அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம், நேராக மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம். குடியாத்தம், வேலூர் போக வேண்டியிருந்தால் துணைக்கு ஒருத்தி வருவாள். பஸ் காசு குழுப் பணத்திலிருந்து.

பெண்கள் உதவி எண் 181, ராத்திரியிலும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 112. (வீட்டில் போனைத் துருவுகிறவர் இருந்தால் "கேஸ் கடை" என்று பதிந்துகொள்ளுங்கள்.)

ஞாயிறு மாலை 4 மணி, அங்கன்வாடித் திண்ணை. முறத்தோடு வாருங்கள், சுற்றிக்கொண்டே பேசலாம். அப்புறம், அந்தப் பெண்ணின் பெயரை இங்கே யாரும் எழுத வேண்டாம்.