எந்த விளிம்பிலிருந்து அளந்தாய்?

அன்புள்ள கயல்,

உன் பாகம் அடுத்த குழுவின் பாகத்தோடு பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு, "என் வரைபடத்தில் தப்பே இல்லை, அவர்களுக்காக நான் ஏன் மாற்ற வேண்டும்?" என்று நேற்று போனில் கேட்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

நீ படிக்கும் ஜெர்மனியின் பிரெமனில்தான், நிலாவுக்கு ஆள் அனுப்ப நாசா கட்டும் ஓரியன் விண்கலத்தின் பின்பாதியைக் கோக்கிறார்கள் என்று போன வருடம் சொன்னாய் அல்லவா? அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். வீரர்கள் உட்காரும் கூடு அமெரிக்காவில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் செய்வது. அதன் அடியில் பூட்டும் பின்பாதி, அதாவது சேவைப் பகுதி, ஐரோப்பாவுடையது. அதன் சட்டகம் இத்தாலியின் டூரினில் செய்தது. குடிக்கும் தண்ணீர், ஆக்சிஜன், மின்சாரம் எல்லாம் அங்கிருந்துதான் கூட்டுக்குள் வர வேண்டும். தன் ஆட்களின் மூச்சையே நாசா அடுத்தவர் கையில் ஒப்படைத்திருக்கிறது, கண்ணு!

சேவைப் பகுதியின் முதல் பயணத்துக்குப் பூட்டிய பெரிய எஞ்சின் புதிதல்ல. 1984 முதல் 2002 வரை 19 முறை நாசாவின் பழைய விண்வெளி ஓடமான ஷட்டிலில் பறந்தது. அமெரிக்கர்கள் அதைச் சீர்செய்து கொடுக்க, பிரெமனில் பூட்டினார்கள். 2018 நவம்பரில் முழுப் பகுதியும் அன்டோனோவ் சரக்கு விமானத்தில் ஃபுளோரிடா போய்ச் சேர்ந்தது. 2022 நவம்பர் 16 அன்று ஆளில்லாமல் நிலாவுக்குக் கிளம்பியது. டிசம்பர் 11 அன்று கூடு மட்டும் பசிபிக் கடலில் இறங்கியது. பின்பாதி வழியிலேயே கழன்று, காற்றில் எரிந்துபோனது. அந்த எஞ்சினும் அதோடு போயிற்று. படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நான் லேத்தில் நின்ற காலத்தில் ஒரு பம்ப் வேலை வந்தது. உடல் எங்கள் பட்டறையில், மூடி அடுத்த ஊர்ப் பட்டறையில். தனித்தனியாக அளந்தால் இரண்டும் சுத்தம். போல்ட் போடப் போனால் துளை அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றது. நாங்கள் உள்விளிம்பிலிருந்து அளந்திருந்தோம், அவர்கள் வெளிவிளிம்பிலிருந்து. நாற்பது மூடிகள் வீண். யார் தப்பு என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். பம்புகள் தரையிலேயே கிடந்தன. அவர்களுக்கு ஒரு போன் செய்ய எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் வரைபடத்தை மாற்றுவது அப்புறம் இருக்கட்டும். எந்த விளிம்பிலிருந்து அளந்தார்கள் என்று அந்தக் குழுவிடம் நீயே முதலில் கேள். பிறகு இரண்டு வரைபடங்களையும் எனக்கு அனுப்பு. கண்ணாடி மாற்றியாயிற்று, பொடி எழுத்தும் தெரிகிறது.

அப்பா